மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் நடத்தை ஆய்வு: வயதையும் சமூகத்தையும் ஒப்பிடுவது எப்படி?

பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களும் கிராம மட்டத்தில் பணிபுரியும் அமைப்புகளும் மனித நடத்தை பற்றி ஆராயப் புறப்படும்போது, பெரும்பாலும் "இளைஞரினதும் முதியோரினதும் பொருளாதார நடத்தை – ஓர் ஒப்பீடு" என்பது போன்ற அகன்ற தலைப்பொன்றையே எடுத்துக்கொள்கின்றனர். அந்தத் தலைப்பைக் கொண்டு வினாக்கொத்து தயாரிக்கலாம், தரவு திரட்டலாம், வரைபுகளும் போடலாம். ஆனால் இரு வயதினருக்கும் இடையில் ஒரு வேறுபாடு தென்படும்போது, அது வயதினால் வந்ததா, பிறந்த காலத்தினால் வந்ததா, குடும்ப அமைப்பினால் வந்ததா, அல்லது கேட்ட விதத்தினால் வந்ததா என்பதைச் சொல்ல முடியாது போகும். இந்த வழிகாட்டி அந்த நான்கையும் இயன்றவரை பிரித்தறிவதற்கானது. புள்ளிவிபரவியல் பாடநூல் சொல்வதை இங்கே திரும்பச் சொல்வதைவிட, இலங்கையின் கிழக்குக் கிராமங்களுக்கே உரிய சிக்கல்களில் கூடுதலாக நின்று பேசுவதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதலில் தலைப்பை ஒரு நடத்தையாகச் சுருக்க வேண்டும். "பொருளாதார நடத்தை" என்பது நடத்தையன்று. பல நூறு நடத்தைகளுக்கு நாம் இட்ட பெயர். "வீட்டில் காசு முட்டுப்படும்போது ஒருவர் முதலில் யாரிடம் போகிறார்?" என்பது ஆராயத்தக்க நடத்தை. அக்காவிடம் கேட்கலாம், நகையை அடகு வைக்கலாம், சீட்டைக் கழித்து எடுக்கலாம், நுண்கடன் பெறலாம், கடைக் கொப்பியில் எழுதச் சொல்லலாம், யாரிடமும் போகாமல் செலவைக் குறைக்கலாம். விடைகள் எண்ணத்தக்கவை, ஒன்றிலிருந்து ஒன்று வேறானவை, பதினாறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது மூதாட்டிக்கும் விளங்குபவை. "பொதுவாக" என்று கேட்பதை விட்டு, "கடைசியாக முட்டுப்பட்டபோது" என்று கேட்டால், அவர் தம்மைப் பற்றிய எண்ணத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்வார். இந்தக் கட்டுரை முழுவதற்கும் இந்தக் கேள்வியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

வயதும் பிறந்த காலமும்

ஒரே ஆண்டில் இருபது வயதினரையும் அறுபது வயதினரையும் கேட்டு ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு எனப்படும். செலவு குறைவு, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஆகவே மாணவர்களின் ஆய்வுகளில் ஏறத்தாழ எல்லாமே இந்த வகையினதாக இருக்கின்றன. இதன் குறை என்னவென்றால், அறுபது வயதுக்காரர் வயதில் மட்டும் மூத்தவர் அல்லர். வேறொரு காலத்தில் வளர்ந்தவர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் 1956இல் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒரு முறை அதே ஆட்களை மீண்டும் சோதித்து நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிட்டபோது அறிவாற்றல் இளமையிலேயே சரியத் தொடங்குவதுபோலத் தெரிந்தது; அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோதோ, பெரும்பாலான திறன்கள் அறுபதை அண்டும் வரை பெரிதாகக் குறையவில்லை. முன்பு முதுமையின் சரிவாகக் கொள்ளப்பட்டதில் ஒரு பெரும் பங்கு தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாடாக இருந்தது.

நம் கரையோரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. 1960இல் பிறந்த ஒருவர் 1978 நவம்பர் சூறாவளியின்போது பதினெட்டு வயதினர். 2004 டிசம்பர் சுனாமியின்போது நாற்பத்து நான்கு வயதுக் குடும்பத்தவர். 1985இல் பிறந்தவர் பிள்ளைப்பருவம் முழுவதையும் போருக்குள் கழித்து, சுனாமியைப் பத்தொன்பது வயதில் கண்டவர். 2005இல் பிறந்தவருக்கு இவை பெரும்பாலும் வீட்டில் கேட்ட கதைகள். மூத்த பெண்கள் சேமிப்பை நகையாக வைத்திருக்க விரும்புகின்றனர் என்று தரவு காட்டினால், அதை "முதியோர் பழமை விரும்பிகள்" என்று எழுதிவிடுவது எளிது. இடம்பெயரும்போது கையோடு எடுத்துக்கொண்டு ஓடக்கூடியது நகைதான் என்பதை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள் என்ற விளக்கமும் அதே தரவுக்குப் பொருந்தும். இரண்டில் எது சரி என்பதை அந்தத் தரவைக் கொண்டே தீர்க்க இயலாது.

ஒரு தனி அளவீட்டால் வயது, பிறந்த ஆண்டு, அளந்த ஆண்டு ஆகிய மூன்றையும் பிரிக்க முடியாது; ஏனெனில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே வந்துவிடும். அதற்காக ஆய்வையே கைவிட வேண்டியதில்லை. மூத்தவர்களிடம் "உங்களுக்குப் பிள்ளைகள் சிறிதாக இருந்த காலத்தில் முட்டுப்பட்டால் யாரிடம் போனீர்கள்?" என்ற பின்னோக்கிய கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அன்றைய அவரது விடையையும் இன்றைய இளம் தாயின் விடையையும் ஒப்பிட்டால், குறைந்தபட்சம் ஒரே வாழ்நிலையில் உள்ள இரு தலைமுறைகளை ஒப்பிட்டதாகும். நினைவு பிசகக்கூடியது என்பதால், ஆண்டுகளைக் கேட்பதைத் தவிர்த்து நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றைப் பயன்படுத்த வேண்டும்: சூறாவளிக்கு முன்னா பின்னா, மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்த பிறகா, கொரோனா ஊரடங்கின்போதா என்று கேட்டால் தெளிவான விடை வரும். பிறந்த திகதி சரியாகத் தெரியாத முதியவரின் வயதை மதிப்பிடவும் இதே நாட்காட்டி உதவும். ஆனால் அதில் எந்த நிகழ்ச்சியைச் சேர்ப்பது என்பதை அந்தந்த ஊர் அறிந்த ஒருவருடன் கலந்தே முடிவு செய்யுங்கள். போர்க்காலப் படுகொலைகளைக் கண்ட சில ஊர்களில் 1990 என்ற எண்ணை உச்சரிப்பதே ஒரு முழு மாலையைக் கண்ணீரில் முடித்துவிடும்; வயதைக் கணிப்பதற்காக ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது நியாயமாகாது.

ஓர் ஒழுங்கை, நான்கு சகோதரிகள்

மாதிரி எடுக்கும் முறையில்தான் கிழக்கு மாகாண ஆய்வுகள் அதிகம் வழுக்கி விழுகின்றன. வழக்கமான நடைமுறையில், பிரதேச செயலகத்தின் அனுமதியுடன் சில கிராம சேவையாளர் பிரிவுகளைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஒழுங்கையைப் பிடித்து, அதிலுள்ள வீடுகளுக்கு வரிசையாகப் போவார்கள். வேறு பிரதேசங்களில் இதில் பெரிய தீங்கு இல்லாதிருக்கலாம். இங்கே, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகிறது. திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். தாயின் வளவு மகள்மாருக்குப் பிரிக்கப்படுகிறது. தாய்வழியாகத் தொடரும் குடி (குலப்பிரிவு) முறையும் மணமகள் இல்லத்தில் வாழும் வழக்கமும் இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருப்பதை, 1969இல் அக்கரைப்பற்றில் களப்பணியைத் தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாகப் பதிந்துள்ளார். இன்று நிலப் பற்றாக்குறையும் கட்டடச் செலவும் இதைச் சற்று மாற்றியிருந்தாலும், காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ சாய்ந்தமருதிலோ ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்து நான்கு படலைகளைத் தட்டினால், நான்கு சகோதரிகளைச் சந்திக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இது ஆய்வை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் காசு முட்டுக்கு ஏறத்தாழ ஒரே வழியைத்தான் நாடுவார்கள். அக்காவும் தங்கையும் ஒருவரிடமொருவர்தான் கேட்பார்கள். ஆகவே அவர்களது நான்கு விடைகள் நான்கு தனித்தனி விடைகளாக மாட்டா. ஓர் ஒழுங்கையில் எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை அவர்களது விடைகளின் உள்ளொற்றுமையால் (ஓர் ஒழுங்கையாரின் விடைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதன் அளவு) பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது வடிவமைப்பு விளைவு. ஆட்களின் மொத்த எண்ணிக்கையை இதனால் வகுத்தால், உண்மையில் எத்தனை பேரின் தகவல் கிடைத்தது என்பது தெரியும். உள்ளொற்றுமை 0.2 என்று வைத்துக்கொள்வோம். 20 ஒழுங்கைகளில் பதினைந்து பதினைந்து பேராக 300 பேரை எடுத்தால் விளைவு 3.8, அதாவது 300 பேரைச் சந்தித்த உழைப்புக்கு ஏறத்தாழ 79 பேரின் தகவலே கிடைக்கும். அதே 300 பேரை 60 ஒழுங்கைகளில் ஐந்து ஐந்து பேராக எடுத்தால் விளைவு 1.8 ஆகக் குறைந்து, 167 பேருக்குச் சமமான தகவல் கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவு வேறு எதற்குச் செலவழிப்பதையும்விடப் பயன் தரும்.

இந்த வழக்கத்தினால் இன்னொன்றும் நிகழ்கிறது. ஓர் ஊரில் வாழும் பெண்களிற் பலர் அங்கேயே பிறந்தவர்கள். ஆண்களிற் பலர் திருமணத்தால் வந்தவர்கள். "கிராமத்தின் செல்வாக்கு" என்று நீங்கள் அளப்பது பெண்களுக்கு ஒரு வாழ்நாள் அனுபவம், ஆண்களுக்குப் பத்தாண்டு அனுபவம். எனவே "இவ்வூரில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்?", "தாயின் வீடு எங்கே?" ஆகிய இரு கேள்விகளும் எந்த வினாக்கொத்திலும் இருக்க வேண்டும். வெளிநாட்டு வினாக்கொத்துகளைப் பெயர்த்தெடுப்பவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிடுகின்றனர்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் வாசலில் நின்று முடிவு செய்யலாகாது. பகலில் படலையைத் திறப்பவர் பெரும்பாலும் நடுவயதுப் பெண்ணாகவோ முதியவராகவோ இருப்பார். இளைஞர் வேலையிலோ தனியார் வகுப்பிலோ மத்திய கிழக்கிலோ இருப்பார். 1949இல் லெஸ்லி கிஷ் வகுத்த அட்டவணை முறை இதற்கு உதவும்: வீட்டிலுள்ள தகுதியான அனைவரையும் பால், வயது வரிசையில் எழுதி, வீட்டு இலக்கத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கிய அட்டவணை காட்டும் நபரையே நேர்காண வேண்டும். அவர் இல்லையென்றால் மாலையில் மீண்டும் செல்ல வேண்டும். அருகில் இருப்பவரை அவருக்குப் பதிலாக எடுக்கக் கூடாது. தேருநர் இடாப்பை (வாக்காளர் பட்டியலை) மாதிரிக்கான பட்டியலாகப் பயன்படுத்துவோர், அதில் பதினெட்டுக்குக் குறைந்தோர் இல்லை என்பதையும், வெளிநாடு சென்றோர் பெயர் அதில் தொடர்ந்தும் இருக்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

காலத்தையும் மாதிரியின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் காசு முட்டு உச்சத்தில் இருக்கும். அறுவடைக்குப் பின் அதே ஆளின் விடை மாறும். மாரியில் வாவியும் வீதியும் ஒன்றாகிவிடும் ஊர்களுக்குப் போகவே முடியாது. நோன்பு மாதத்திலும் கோயில் திருவிழாக் காலத்திலும் எடுத்த தரவைச் சாதாரண நாட்களுக்குப் பொதுமைப்படுத்தக் கூடாது. ஓர் ஊரை அறுவடைக்கு முன்னும் மற்றதைப் பின்னும் பார்த்துவிட்டு இரு ஊர்களையும் ஒப்பிடும் ஆய்வு, உண்மையில் இரு பருவங்களையே ஒப்பிடுகிறது.

கேட்பதும் காண்பதும்

கிராம சேவையாளருடன் போனால் படலைகள் விரைவாகத் திறக்கும், விடைகள் கெட்டுப்போகும். சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் எண்ணற்ற நிறுவனங்கள் பதிவேடுகளுடன் வந்து போன பிரதேசம் இது. கையில் படிவத்துடன் ஒருவர் வந்தால் நிவாரணமோ அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவோ என்ற எண்ணம் இயல்பாகவே எழும். வருமானம் குறைத்தும் கடன் கூட்டியும் சொல்லப்படும். அனுமதியை அலுவலகத்தில் பெற்றுக்கொண்டு, அறிமுகத்தைக் கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம் ஆகியவற்றின் வழியாகச் செய்து, வீட்டுக்குத் தனியே போவதே நல்லது. "இதனால் உங்களுக்கு உதவி எதுவும் கிடைக்காது, சொல்லாவிட்டால் எதுவும் நிற்கவும் மாட்டாது" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பெண்களைப் பெண்களே நேர்காண வேண்டும் என்பது முஸ்லிம் ஊர்களில் மட்டுமன்றி எல்லா இடத்திலும் பொருந்தும். ஒவ்வொரு நேர்காணலையும் யார் செய்தார் என்பதைப் பதிந்து வைத்தால், விடைகள் கேட்டவரைப் பொறுத்து மாறினவா என்று பின்னர் சோதிக்கலாம்.

விறாந்தையில் அம்மம்மாவை அமர்த்தி, முட்டுப்பட்டால் யாரிடம் போவீர்கள் என்று கேட்கிறீர்கள். விடை அடுப்படியிலிருந்து வருகிறது: "அவக்கு என்ன தெரியும், நான் சொல்றன்." இந்த மகளுடன் வாதாட வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டு, படிவத்தின் ஓரத்தில் வேறாகக் குறித்துக்கொண்டு, அம்மம்மாவிடம் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். முதன்முதலில் எந்த நகையை எதற்காக அடகு வைத்தார் என்பது போல. பேச்சு அவர் கைக்குப் போன பிறகு பழைய கேள்விக்குத் திரும்பினால், பல வேளைகளில் மகளின் விடைக்கு மாறான ஒன்று வரும். "அருகில் இருந்தோர்" என்று ஒரு நிரல் எல்லாப் படிவத்திலும் இருக்கட்டும். முதியோர் மகள் வீட்டில் வாழும் சமூகத்தில், முதியோரின் கருத்து என்று அச்சாகுபவற்றில் கணிசமானவை மகள்மாரின் கருத்துகளாக இருக்க இடமுண்டு.

வெட்கமோ மார்க்கமோ குறுக்கிடும் விடயங்களை நேரே கேட்டால் நேரான விடை வராது. வட்டிக்குக் கடன் வாங்கிய முஸ்லிம் ஒருவர் அதைச் சொல்லத் தயங்கலாம். வாரக் கடன் கட்ட முடியாது போன தமிழ்ப் பெண்ணும் தயங்கலாம். பட்டியல் முறை இதற்கு ஏற்றது. பங்குபற்றுவோரில் பாதிப்பேருக்குச் சாதாரணமான நான்கு செயல்களையும், மற்றப் பாதிக்கு அந்த நான்குடன் உணர்வுமிக்க ஐந்தாவதையும் வாசித்து, எவை என்று கேளாமல் எத்தனை செய்தீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். யாருக்கு எந்தப் பட்டியல் என்பது குலுக்கலில் முடிவாகியிருந்தால், இரு சராசரிகளின் வேறுபாடே அந்த ஐந்தாவது செயலின் பரவல். ஐந்தும் என்றோ ஒன்றுமில்லை என்றோ சொன்னாலொழிய, ஒருவரது விடையும் தனியே வெளிப்படாது. ஆயினும் இதற்குப் பெரிய மாதிரி வேண்டும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு முயல வேண்டாம்.

சொன்னதைச் செய்ததுடன் ஒப்பிட, நேரடி அவதானமும் வேண்டும். கடைக்காரரின் சம்மதத்துடன், கடையில் அறிவித்தல் ஒன்றையும் ஒட்டிவைத்து, ஒரு பலசரக்குக் கடையின் ஓரத்தில் மாலையில் இரண்டு மணி நேரம் இருந்து பார்க்கலாம். தோன்றியதையெல்லாம் குறிக்காமல், நேர ஒழுங்கிலும் ஆள் ஒழுங்கிலும் குறிக்க வேண்டும் என்பதை, கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் அல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை நிலைநாட்டியது. மனிதரை அவதானிப்போரும் அவரது முறைகளையே இன்றும் பின்பற்றுகின்றனர். வருகிற ஒவ்வொருவரையும் குறியுங்கள்: நேரம், பால், கண்மட்டான வயது, காசா கொப்பியா. கண்ணால் வயதை மதிப்பிடும்போது சிறுவர், இளையோர், நடுவயதினர், முதியோர் என்ற நான்குக்கு மேல் பிரிக்க முயல்வது வீண்.

"6.10 – சிறுமி, பாடசாலைச் சீருடை, பருப்பும் சவர்க்காரமும். 'அம்மா கொப்பியில எழுதட்டாம்.'" இப்படி ஒரு வரி வந்தால் அதை எந்த வயதின் நடத்தையாக எண்ணுவது? கைநீட்டியவர் சிறுமி, முடிவெடுத்தவர் தாய், ஒருவேளை சிறுமியை அனுப்பும்படி தாயிடம் சொன்னவர் தகப்பன். கடன் கேட்கும் வெட்கத்தைப் பிள்ளையிடம் ஒப்படைப்பது நம் ஊர்களின் பழைய உத்தி. எனவே "செய்தவர்", "தீர்மானித்தவர்" என இரு நிரல்கள் வேண்டும். தெரியாதவிடத்து இரண்டாவதை வெறுமையாக விடுங்கள். கடைக்காரரின் கொப்பியைத் திறந்து பார்க்கவோ படம் பிடிக்கவோ கூடாது. அதில் உள்ள பெயர்கள் சம்மதம் தராதவை.

இருவர் தனித்தனியே குறித்து, அவர்களது குறிப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது கட்டாயம். நூற்றில் எண்பது ஒத்தன என்றால் நன்றாகத்தான் தோன்றும். ஆனால் குருட்டுவாக்கிலேயே ஐம்பது ஒத்திருக்கும் எனில், தற்செயலாக ஒத்தவற்றைக் கழித்துக் கணிக்கும் கோஹனின் காப்பா அளவு 0.6 தான். அதற்குக் கீழே போனால் வரையறைகளைத் திருத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

ஒப்பிடும்போது

அம்பாறை மாவட்டச் சராசரியைத் தனியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். கரையோரத்தின் முஸ்லிம், தமிழ் ஊர்களும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தை ஒட்டி வளர்ந்த உட்பகுதிச் சிங்களக் குடியேற்றங்களும் ஒரே எண்ணுக்குள் கலந்திருப்பதால், அந்தச் சராசரிக்குப் பொருந்தும் ஊர் ஒன்றுமே இல்லாதிருக்கலாம். கல்முனையையும் காத்தான்குடியையும் ஒப்பிடலாம். ஆரையம்பதியையும் காத்தான்குடியையும் ஒப்பிடலாம். பின்னைய இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். இரண்டும் வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒரே வீதியில் இருப்பவை. இடமும் சந்தையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போதுதான் சமூகத்தினால் வரும் வேறுபாடு, இருந்தால், தெரியும்.

தெரிந்த பிறகும் ஒரு சோதனை மீதி இருக்கிறது: வருமானமும் கல்வியும் ஒத்த குடும்பங்களுக்குள் அந்த வேறுபாடு நிற்கிறதா? இனிப்பை உடனே உண்ணாமல் காத்திருக்கும் பிள்ளை பிற்காலத்தில் சிறப்பாகப் படிக்கும் என்று வோல்டர் மிஷெலின் ஆய்வுகளை வைத்துப் பல காலம் பேசப்பட்டது. 2018இல் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு வாட்ஸ் முதலானோர் மீண்டும் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியளவாகவே இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் மேலும் பெரிதும் சுருங்கியது. பிள்ளையின் குணம் என்று எண்ணப்பட்டதில் பெரும்பங்கு வீட்டின் வசதி. "இந்தச் சமூகத்தார் சேமிப்பதில்லை" என்று எழுதத் துணியும் முன் இதை ஒரு முறை எண்ணிப்பார்ப்பது நன்று. சராசரிகளை மட்டும் காட்டாமல் இரு பிரிவினரின் முழுப் பரவலையும் வரைந்து காட்டினால், பெரும்பாலான வேளைகளில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடப்பதை வாசகரே காண்பார்.

அறநெறி ஒழுங்குகளில் சுருக்கமாகச் சொல்லக்கூடியவை: தரவு திரட்ட முன் பல்கலைக்கழகத்தின் அறநெறி மீளாய்வுக் குழுவிடம் அனுமதி பெறுங்கள், பதினெட்டுக்குக் குறைந்தோரிடம் பாதுகாவலரின் சம்மதத்துடன் பிள்ளையின் சொந்த விருப்பத்தையும் கேளுங்கள், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துவிட்டு, பெயர்ப் பட்டியலையும் விடைகளையும் வெவ்வேறு கோப்புகளில் வையுங்கள். ஊர்ப் பெயரை மறைப்பதா என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். குடிப் பெயரையும் தொழிலையும் ஒழுங்கையையும் சேர்த்து எழுதினால், ஆளின் பெயரை விட்டாலும் ஊரார் ஆளைக் கண்டுகொள்வர். முடிவுகளை ஆங்கில அறிக்கையாக மட்டும் விட்டுவிடாமல், இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக அச்சிட்டு, நுழைவதற்கு வழிவிட்ட அதே சபைக்கும் நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, அச்சில் ஏறுவதற்கு முன் அவர்களது மறுப்புகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்பில் எழும் மறுப்புகளில் சில அடுத்த வினாக்கொத்தின் கேள்விகளாக இடம்பெறும்.